கூரையைத் தாங்கும் பசை

திருகோணமலையின் பெயரில் ஒரு மரம் இருக்கிறது. நம்மவர் அதைச் சமண்டலை என்பார்கள், சாவண்டலை என்பாரும் உண்டு, சிங்களத்தில் ஹல்மில்லை. மரம் வாங்கி விற்ற வெளிநாட்டாருக்கு அது ‘திருகோணமலை மரம்’. அது கப்பலேறிய துறை இதுதான் என்பதே காரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையைப் பற்றிப் பெருநூல் எழுதிய எமர்சன் டெனன்ட், கப்பல் வேலைக்கு இத்தீவில் இதைவிடப் பெறுமதியான மரம் இல்லை என்று கருதினார். சென்னையின் மசூலாப் படகுகள் இந்த மரத்தில் செய்யப்பட்டவை என்பதையும் அவர் எழுதிவைத்தார்.

மசூலாப் படகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், அலை உடையும் இடத்தைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கொண்டுபோனது அது. ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. அலை அறையும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும். நெளிந்தும் முறியாத பலகை அதற்கு வேண்டும். திருகோணமலைக் காடு அதைக் கொடுத்தது.

மரத்தால் பெயர்பெற்ற இந்த ஊரில் இன்று வீடு கட்டுகிறவருக்கு மரமே பெருங்கவலை. பாலை, முதிரை, சமண்டலை மூன்றும் ஒருவர் நட்டு, அவரே வெட்டி வீடு கட்டிப் பார்க்கக்கூடிய மரங்கள் அல்ல. அவ்வளவு மெதுவாக வளர்பவை. 1990இல் இலங்கை அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. அது சரியான முடிவு. இன்னும் முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவு. ஆனால் மரக்காலைக்குப் போகிறவருக்கு அதனால் கிடைப்பது என்ன? வயது முற்றாத மரம், ஈரம் காயாத மரம், நீளம் போதாத மரம். ஆகவே மேல்மாடி என்றால் கொங்கிறீட் தட்டு, கூரை என்றால் இரும்புக் குழாய் என்று ஊர் மாறிவிட்டது.

துறைமுக ஊரில் இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. உப்புக் காற்று கொங்கிறீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து நெருக்க, தட்டின் அடிப்பக்கம் பொருக்கு விட்டு உதிரும். கடலோரத் தெருக்களில் பழைய மாடி வீடுகளின் அடித்தட்டை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்துக்கு உப்பு எதிரி அல்ல. இந்த ஊரின் பெயர்கொண்ட போர்க்கப்பலே சாட்சி. பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் தளத்தில் மலபார்த் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய ‘திருகோணமலை’ இன்று இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் இருக்கிறது. இருநூறு ஆண்டு கடந்தும் மிதக்கிறது.

பெருமரம் இல்லாமல் பெருமரத்தின் வேலையை வாங்க முடியுமா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. வட அமெரிக்காவில் வீடு கட்டுவோர் அரை நூற்றாண்டாக முடியும் என்று காட்டி வருகிறார்கள். சிறு மரங்களைச் சீவி, பசையிட்டு, அழுத்தி, தளத்தையும் கூரையையும் தாங்கும் நீண்ட சட்டங்களாகச் செய்கிறார்கள். அவை நம் ஊருக்கு ஒத்துவருமா? அதற்கு முன் ஒரு தீராந்தி எப்படி உழைக்கிறது என்று தெரிய வேண்டும்.

*

சிறுவயதில் எங்கள் வீட்டில் பரண் கட்ட வந்த ஓடாவியாருக்குப் பலகை எடுத்துக்கொடுப்பது என் வேலை. ஒரு சட்டத்தை நான் சுவரில் படுக்கையாக வைத்துவிட்டேன். அவர் சொன்னார்: “தம்பி, படுக்கப் போட்டா அதுவும் படுத்திடும். நிமித்தி வை, அது நிக்கும்.” பல்கலைக்கழகத்தில் வளைவுக் கணக்குப் படித்தபோது அந்தக் குரல்தான் காதில் கேட்டது. 50 மில்லிமீற்றர் அகலமும் 150 மில்லிமீற்றர் உயரமும் உள்ள சட்டத்தை நிமிர்த்தி வைத்தால், படுக்க வைத்ததைவிட முறிவைத் தாங்கும் வலு மூன்று மடங்கு. தொய்யாமல் நிற்கும் விறைப்பு ஒன்பது மடங்கு. மரம் அதேதான், திசை மட்டுமே மாறியது.

இதன் காரணத்தைத் தேடிய முதல் பெரியவர் கலிலியோ. 1638இல் வெளிவந்த தம் கடைசி நூலில், சுவரில் செருகிய ஒரு மரத்துண்டையும் அதன் நுனியில் தொங்கும் பாரத்தையும் படமாகப் போட்டார். அகலத்தை இரட்டித்தால் வலு இரட்டிக்கும், உயரத்தை இரட்டித்தால் நாலு மடங்காகும் என்று அவர் கண்டது சரி. ஆனால் மொத்த வலு எவ்வளவு என்ற கணக்கில் உண்மையைப் போல் மூன்று மடங்கு சொல்லிவிட்டார். வெட்டுமுகம் முழுவதும் ஒரே அளவில் இழுபடுகிறது என்று அவர் எண்ணியதே பிழை. 1773இல் கூலோம் அதைத் திருத்தினார். இரண்டு சுவர்களில் கிடக்கும் தீராந்தியின் மேல் பாரம் ஏறினால், அதன் மேற்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். இரண்டுக்கும் நடுவே உள்ள மரம் ஏறக்குறைய சும்மா கிடக்கும். நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவு உழைப்பு.

பனைக்கு இது தெரியும். பனையைக் குறுக்கே அறுத்தால் கறுத்த வைரம் வெளிவளையத்தில் இருக்கும். நடுவே மென்மையான சோற்றி. தேக்கும் முதிரையும் இதற்கு நேர்மாறு, அவற்றின் வைரம் உள்ளே. கிளையில்லாமல் ஒற்றைக் காலில் நின்று காற்றில் ஆடுகிற மரத்துக்கு வளைவைத் தாங்குவது வெளிவளையமே. ஆகவே வலு அங்கே குவிந்திருக்கிறது. நம் முன்னோர் பனையைப் பிளந்து, சோற்றியைச் செதுக்கி எறிந்து, வைரத்தை மட்டும் கைமரமாகப் போட்டார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தின் பனைமரம் கப்பலேறிப் போனது இந்த வைரத்துக்காக. 1927இல் திருகோணமலைக்கு ரயில் வந்தபோது கிடத்திய தண்டவாளத்தின் வடிவமும் இதே அறிவுதான்: தலையும் பாதமும் தடிப்பு, இடுப்பு ஒல்லி.

மரச்சட்டத்தையும் அந்த வடிவில் செய்தால் என்ன? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பொய்சி நகரில், ஆர்ட் ட்ரௌட்னர் என்ற கட்டடக்கலைஞரும் ஹரல்ட் தோமஸ் என்ற மர விற்பனையாளரும் சேர்ந்து 1960இல் ட்ரஸ் ஜொயிஸ்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1969இல் அந்த நிறுவனம் மரத்தில் ‘ஐ’ வடிவச் சட்டத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இரண்டிலும் காடி வெட்டி, நடுவே மெல்லிய ஒட்டுப்பலகையைப் பசையோடு செருகியது. கட்டட வேலைக்காரர் இன்று அதை ஐ-ஜொயிஸ்ட் என்கிறார்கள். நடுப்பலகை இப்போது பெரும்பாலும் மரச்சீவல்களைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. வழக்கமான தடிப்பு 9.5 மில்லிமீற்றர்.

சிக்கனம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 மில்லிமீற்றர் அகலம், 240 மில்லிமீற்றர் உயரம் உள்ள முழுமரச் சட்டம் ஒன்று. அதே உயரத்தில் ஐ வடிவச் சட்டம் ஒன்று. அதன் மேல், கீழ்ச் சட்டங்கள் 58க்கு 38, நடுப்பலகை 9.5. எல்லாம் ஒரே விறைப்புள்ள மரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது சட்டத்துக்கு முதலாவதில் பாதி மரம்தான் செலவாகிறது. விறைப்போ முதலாவதில் 85 விழுக்காடு. எடையையும் பாருங்கள். 6 மீற்றர் நீளமுள்ள அந்த ஐ சட்டம் 20 கிலோ சொச்சம். ஒருவர் தோளில் வைத்து ஏணி ஏறலாம். அதே நீளத்தில் பாலை மரச் சட்டம் 70 கிலோவைத் தாண்டும். பாலை தண்ணீரில் மூழ்கும் மரம்.

சிக்கனத்தைவிடப் பெரிய நன்மை வேறொன்று. அறுத்த மரத்தின் வலு அதன் சராசரியில் இல்லை, அதன் மிக மோசமான கணுவில் இருக்கிறது. நூறு சட்டங்களை முறித்துப் பார்த்தால் ஒன்று சராசரியைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும், இன்னொன்று பாதியில் முறியும். எது எந்தச் சட்டம் என்று வெளியே பார்த்து முழுதாகச் சொல்ல முடியாது. ஆகவே பொறியாளர் சராசரியை நம்புவதில்லை. நூற்றில் ஐந்து சட்டங்கள் எந்த அளவுக்குக் கீழே முறிகின்றனவோ, அந்த அளவிலிருந்துதான் அவர் கணக்குத் தொடங்கும். நல்ல மரங்கள் கெட்ட மரத்துக்காகத் தண்டம் கட்டுகின்றன என்று சொல்லலாம்.

இப்போது மரத்தடியைப் பென்சில் சீவுவதுபோல் சுழற்றிச் சீவி, 3 மில்லிமீற்றர் அளவான தகடுகளாக்கி, பத்துப் பதினைந்தை ஒரே திசையில் அடுக்கி ஒட்டுங்கள். முன்பு சட்டத்தின் பாதி அகலத்தைத் தின்ற கணு இனி ஒரே ஒரு தகட்டில் இருக்கும். அதன் மேலும் கீழும் நல்ல மரம். கெட்டதை நீக்கவில்லை, பகிர்ந்து கொடுத்துவிட்டோம். இதற்கு எல்விஎல் என்று பெயர். ஐ சட்டத்தின் மேல், கீழ்ச் சட்டங்களைப் பெரும்பாலும் இதில் செய்கிறார்கள். சராசரி வலு அதிகம் மாறாவிட்டாலும் ஏற்ற இறக்கம் சுருங்குகிறது. அதனால் பொறியாளர் நம்பக்கூடிய வலு உயர்கிறது. சிறிய, கணு நிறைந்த, வேகமாக வளர்ந்த மரத்துக்கும் வீட்டைத் தாங்கும் தகுதி வந்தது இப்படித்தான்.

ஆனால் ஒன்று. முழுமரத்தில் நாரோடு நாரை ஒட்டி வைத்திருப்பது மரம் தானே செய்த லிக்னின். இங்கே அந்த வேலையை ஒரு தொழிற்சாலைப் பசை செய்கிறது. பசை விட்டால் சட்டம் இல்லை.

*

பசை விடுமா என்ற சோதனையோடு இந்தத் துறைமுகத்துக்கு ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. அதை எழுதத்தான் நான் இந்த அத்தியாயத்துக்கே வந்தேன்.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியது ஊரறிந்த கதை. இரண்டு ஆண்டு கழித்து, 1944இல், சீனக்குடா விமானத்தளத்துக்கு வேறொரு வகை விமானம் வந்தது. பிரித்தானிய விமானப்படையின் 684ஆம் படையணியின் ஒரு பிரிவு, சுமாத்திராவையும் நிக்கோபார் தீவுகளையும் ஆகாயத்திலிருந்து படமெடுக்க மொஸ்கிட்டோ விமானங்களைப் பயன்படுத்தியது. அக்காலத்தில் மிக வேகமாகப் பறந்த விமானங்களில் ஒன்று மொஸ்கிட்டோ. அது மரத்தால் ஆனது.

உடல்: இரண்டு மெல்லிய பேர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே, தக்கையைப் போல எடையற்ற பால்சா மரம். இறக்கையின் முதுகெலும்பு: மேலும் கீழும் ஸ்புரூஸ் மரத்தை அடுக்கி ஒட்டிய தடித்த சட்டங்கள், இரண்டையும் இணைக்கும் ஒட்டுப்பலகைச் சுவர்கள். மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். மேற்சட்டம், கீழ்ச்சட்டம், நடுவே மெல்லிய பலகை, எல்லாம் பசையில். பொய்சியில் ஐ சட்டம் விற்பனைக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, அதன் தத்துவம் ஆயிரம் குதிரைவலுவை மிஞ்சிய இரண்டு இயந்திரங்களைத் தாங்கிக்கொண்டு சீனக்குடாவின் ஓடுபாதையில் ஓடியிருக்கிறது.

முதல் மொஸ்கிட்டோக்களை ஒட்டியது கேசின் என்ற பசை. பாலின் புரதத்தில் செய்தது. ஐரோப்பிய மரவேலையில் பழகிய பொருள்தான். ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது பூஞ்சைக்கு உணவு. பிறகு ஏரோலைட் என்ற செயற்கைப் பசைக்கு மாறினார்கள். கேம்பிரிட்ஜுக்கு அருகே டக்ஸ்ஃபோர்டில் நோர்மன் டி புரூய்ன் என்ற அறிவியலாளர் யூரியாவையும் போர்மல்டிஹைட்டையும் கொண்டு 1930களில் உருவாக்கியது அது.

1944இன் இறுதியில், இந்தியப் பகுதியில் பறந்த சில மொஸ்கிட்டோக்கள் இறக்கை சிதைந்து விழுந்தன. நவம்பரில் அந்தப் பகுதி விமானங்களைத் தரையில் நிறுத்திச் சோதித்தார்கள். தயாரிப்பாளர் சார்பில் ஹியர்வர்ட் டி ஹவிலண்ட் தலைமையில் வந்த குழு, பசை கெடவில்லை, மழைக்காலத்தில் மரச்சட்டகம் சுருங்கியதே காரணம் என்றது. பின்னர் விசாரித்த இன்னொரு குழு, காலநிலையைக் குறை சொல்லாமல் தொழிற்சாலையைக் குறை சொன்னது: பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை, பசை பிடிக்க வேண்டிய இடத்தில் இடைவெளி இருந்தது.

இரண்டு அறிக்கைகளையும் எதிரெதிராக வைத்துப் பேசுவது வழக்கம். எனக்கு அவை ஒரே கதையின் இரண்டு பாதிகளாகவே தெரிகின்றன. இடைவெளியை விட்டது தொழிற்சாலை. அதைத் தேடிக் கண்டுபிடித்தது நம் மழை. குளிர்நாட்டில் ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும் ஒரு பிழையை நம் காலநிலை ஒரே பருவத்தில் வெளியே கொண்டுவந்துவிடும். ஒட்டுமரம் எதை வாங்கினாலும் திருகோணமலைக்காரர் மறக்கக்கூடாத பாடம் இது.

நம் காலநிலை மரத்தை என்ன செய்கிறது? ஆண்டின் நடுவில் இங்கே வீசுவது கச்சான். மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, வரண்டு, சூடாக வரும் காற்று. மார்கழியில் வாடை, கடலின் ஈரத்தை அப்படியே சுமந்து வரும். ஊருக்கு ஆண்டில் விழும் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருந்தால் மரம் தன் எடையில் ஏறக்குறைய 12 விழுக்காடு நீரை வைத்துக்கொள்ளும். வாடைக்காலத்தைப் போல 80 ஆனால் 16. நீர் ஏறினால் மரம் பருக்கும், இறங்கினால் சுருங்கும். நீளத்தில் அது ஒன்றுமே இல்லை, குறுக்கேதான் எல்லாம். பச்சை நிலையிலிருந்து முழுதாகக் காயும்போது சில மரங்கள் வளையத்தின் போக்கில் 8 விழுக்காடு வரை சுருங்கும், அதற்குக் குறுக்கே அதில் பாதி. ஒட்டிய பலகையில் பக்கத்துத் தகடு இந்த அசைவைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட அசைவு எங்கே போகும்? பசைக்கோட்டின் மேல் இழுவிசையாக ஏறும். கச்சானுக்கும் வாடைக்கும் இடையில், ஆண்டுக்கு ஒரு முறை, வீடு நிற்கும் காலமெல்லாம்.

ஆகவே எந்தப் பசை என்பது முதல் கேள்வி. யூரியாப் பசை மலிவு, வெள்ளை, தளபாடத்துக்குப் போதும். அதன் இணைப்பில் நைதரசனும் காபனும் கைகோத்திருக்கின்றன. வெப்பத்தோடு நீர் சேர்ந்தால் அந்தக் கை மெல்ல விடுபடும். பீனால் பசையில் காபனைப் பிடித்திருப்பது காபன். கொதிநீருக்கும் அது அசையாது. கட்டடத்தைத் தாங்கும் சட்டங்களுக்குப் பீனால் பசையோ, அதோடு ரிசோசினால் சேர்ந்ததோ, ஈரம் தாங்கும் பொலியூரிதேன் வகையோதான் வேண்டும். பீனால் பசைக்கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வெள்ளைப் பசையிலும் சாயம் கலக்கலாம்.

நல்ல பசையும் நனைந்த மரத்தைக் காப்பாற்றாது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் உக்கல் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. ஐ சட்டங்களைச் செய்பவர்கள் 16 விழுக்காட்டுக்குள் இருக்கும் உலர்ந்த இடத்துக்கென்றே அவற்றுக்கு வலுக்கணக்குக் கொடுக்கிறார்கள். மேலே நான் சொன்ன வாடைக்கால எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் அந்தச் சட்டம் எல்லையில் நிற்கிறது. நல்ல ஓட்டின் கீழ், காற்றோட்டம் உள்ள இடத்தில், மேல்மாடித் தளத்துக்கு அது பொருந்தும். திறந்த விறாந்தைக்கும், சாரல் அடிக்கும் தாழ்வாரத்துக்கும், குளியலறை ஒழுகும் தளத்துக்கும் பொருந்தாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கறையானுக்குப் பசை ஒரு பொருட்டல்ல. அது சுவரோடு மண்குழாய் கட்டி ஏறி வந்து தகட்டுக்குத் தகடு தின்னும். தென்னாசியா இதற்கு உலகுக்கு ஒரு விடை கொடுத்தது: 1933இல் டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தில் சொந்தி காமேசன் செப்பு, குரோமியம், ஆசனிக் மூன்றையும் சேர்த்து ஒரு மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் மின்கம்பங்களும் பாலங்களும் அதில் ஊறின. ஆசனிக்கின் நச்சு காரணமாக 2003இன் முடிவோடு அமெரிக்காவில் வீட்டு மரத்துக்கு அதை விட்டுவிட்டார்கள். இன்று உள்வீட்டு மரத்துக்குப் போரன் உப்பு போதும். ஆனால் போரன் மழையில் கரைந்து போகும். எந்தப் பக்கம் சுற்றினாலும் கூரை ஒழுகக்கூடாது என்ற இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

*

ஒட்டுமரம் என்றாலே காட்டைக் காப்பாற்றும் என்று சொல்வது அவசரம். இலங்கைக்கே கசப்பான அனுபவம் உண்டு. 1970களின் முற்பகுதியில், கொஸ்கமவில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்குத் தீனி போட, சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரங்களோடு புகுந்து மரம் வெட்டினார்கள். அறிவியலாளரும் பொதுமக்களும் எதிர்த்து நின்றதால் 1977இல் அது நின்றது. 1988இல் அதே காடு உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. உரித்துச் சீவி ஒட்டும் இயந்திரத்துக்குக் காட்டு மரமும் ஒன்றுதான், தோட்ட மரமும் ஒன்றுதான். எதைப் போடுவது என்று மனிதர் முடிவு செய்ய வேண்டும். பால் வடிந்து ஓய்ந்து முப்பது வயதளவில் வெட்டப்படும் ரப்பர் மரம் நம் தீவில் இருக்கிறது. மலைநாட்டில் யூக்கலிப்டஸ் இருக்கிறது. அவற்றில் செய்த சட்டம் திருகோணமலைக்கு வருமானால் நான் இரு கை நீட்டி வரவேற்பேன்.

கூரைக்குப் போட நினைப்பவர்கள் எடையைப் பற்றி இன்னொரு பக்கமும் யோசிக்க வேண்டும். 2020 டிசம்பர் 2 இரவு, புரெவிப் புயல் நம் மாவட்டத்தின் வடகரையில் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியது. புயல் கூரையை அழுத்தி உடைப்பது குறைவு. பிய்த்துத் தூக்குவதே அதிகம். கூரையின் மேல் வேகமாகப் போகும் காற்று மேலே அழுத்தத்தைக் குறைக்கிறது, உடைந்த கதவு வழியே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. பாலையும் பனையும் ஓடும் தம் பாரத்தாலேயே கொஞ்சம் இருந்துகொடுத்தன. எடையில்லாத சட்டத்தின் மேல் எடையில்லாத சீற் போட்டால், அதைக் கீழே பிடித்துவைக்கச் சுவரின் வளையத்திலிருந்து கைமரம் வரை தகட்டுப் பட்டி வேண்டும். அந்தப் பட்டியும் ஆணியும் துருப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும். இங்கேதான் உப்புக் காற்று மறுபடி வந்து சேர்கிறது. மரத்தைத் தொடாத உப்பு, மரத்தைப் பிடித்திருக்கும் ஆணியைத் தின்னும்.

நெருப்பையும் மறைக்கக்கூடாது. தடித்த மரம் தீயில் கரிப்படலம் கட்டிக்கொண்டு மெதுவாக எரியும். 9.5 மில்லிமீற்றர் பலகைக்குக் கரி கட்ட நேரம் ஏது? 2008இல் அமெரிக்காவின் யூஎல் ஆய்வகம், அடியில் மூடாத தளங்களை எரித்துப் பார்த்தது. முழுமரச் சட்டத் தளம் விழ 18 நிமிடத்துக்கு மேல் ஆனது. ஐ சட்டத் தளம் 6 நிமிடத்தில் விழுந்தது. அடிப்பக்கத்தை ஜிப்சம் பலகையால் மூடினால் நேரம் கூடும். மூடாமல் விடுவது, கீழே தூங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

தளத்தில் வேலை செய்வோருக்கு ஒரு சொல். நீர்க்குழாய்க்காரர் துளை போட வந்தால் நடுப்பலகையில், தயாரிப்பாளர் கொடுத்த அட்டவணைப்படி போடட்டும். மேற்சட்டத்திலும் கீழ்ச்சட்டத்திலும் ஓர் உளிக்கீறல்கூட விழக்கூடாது. நடு சும்மா கிடக்கிறது, விளிம்புதான் உழைக்கிறது என்ற கூலோமின் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.

கடைசியாக, கடைக்காரர் எந்தச் சான்றிதழைக் காட்டினாலும், வாங்குமுன் சட்டத்தின் நுனியில் கையளவு துண்டொன்று கேட்டு வாங்குங்கள். இந்தியத் தரத்தில் கடல்வேலைக்கான ஒட்டுப்பலகையை 72 மணிநேரம் கொதிக்க வைத்துத்தான் தேற விடுகிறார்கள். நீங்கள் அந்தத் துண்டைக் காலையில் பானையில் போட்டு மாலை வரை கொதிக்க விடுங்கள். மறுநாள் கச்சான் வெயிலில் காயப்போடுங்கள். மறுபடி ஒரு தடவை கொதிக்க வைத்துக் காயவிட்டு, பசைக்கோட்டில் உளியை வைத்து நெம்புங்கள். மரம் நார்நாராகக் கிழிந்து வந்தால் பசை மரத்தைவிட வலுவானது, வாங்கலாம். தகடு தகடாக வழுவழுப்பாகப் பிரிந்தால், அந்தச் சட்டத்தை உங்கள் பிள்ளைகள் உறங்கும் அறைக்கு மேல் ஏற்றாதீர்கள்.